குரங்கு கொண்டுபோன டேப்

குரங்குகளுக்கு எந்த மரம் உதவும் என்று கணக்கெடுக்கும் வேலையைக் குரங்குகளைக் கேட்காமலேயே ஆரம்பித்துவிட்டோம், நானும் என்னோடு படித்த ஆதம்பாக்கத்துத் தோழியும். தரமணிப் பக்கம், ஒரு சாலை நடுவில் புகுந்து இரண்டாக்கிய சின்னக் காடு அது. ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்தில் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். பழம் உண்டா, தூங்க வசதியான கிளை உண்டா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆலமரத்துக்கு அள்ளிக் கொடுத்தோம். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு மனசே வரவில்லை.

அதை அளந்துவிட்டு, டேப்பை வேர்மேல் வைத்துத் தண்ணீர் குடித்தேன். வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு இறங்கி வந்து, டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது.

“அடிப்பாவி! புது டேப்புடி அது!” தோழி அவசரமாக டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

“சாப்பாட்டைக் காட்டாதே, அதுங்களுக்குப் பழகிடும்.”

“பழகட்டும்! பழகிக்கினு டேப்பைக் குடுக்கட்டும்!”

தக்காளி சாதத்தை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. சாலைக்கு மேலே நீண்டிருந்த அந்த மரத்தின் கிளையில் நிதானமாக நடந்தது. மஞ்சள் டேப் இன்னொரு வால்போல் பின்னால் தொங்கியது. கீழே ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னல்களில் செல்போன்கள் முளைத்தன.

எதிர் ஆபீஸ் கேட்டின் செக்யூரிட்டி எழுந்து நின்று சிரித்தார். “இன்னா மேடம், ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கப் போவுதா?”

நாங்கள் சாலையைக் கடந்து ஓடுவதற்குள் அது எதிர்ப்பக்கத்து நாவல் மரத்துக்குத் தாவியிருந்தது. டேப்பைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் கீழே போட்டது. பொறுக்க ஓடிய தோழி பாதியில் நின்றுவிட்டாள்.

“ஏய், மேல பாரு.”

அந்தக் கிளை வழியாகவே மொத்தக் கூட்டமும் வந்துகொண்டிருந்தது. கிழடு, குட்டி, எல்லாம். ஒன்றின் காலும் சாலையில் படவில்லை. இரண்டு துண்டுக் காட்டுக்கும் இருந்த ஒரே பாலத்துக்குத்தான் நாங்கள் அத்தனை கஞ்சத்தனமாக மதிப்பெண் போட்டிருந்தோம்.

எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. தோழி மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினாள். அதன் பிறகு, எந்தக் கிளை எதைத் தொடுகிறது என்று அண்ணாந்து பார்த்தபடியே சாயங்காலம் வரை நடந்தோம். கழுத்து சுளுக்கிக்கொண்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் வீடியோ அபிராமபுரத்தில் என் அம்மாவின் போனுக்கு வந்துவிட்டிருந்தது.

“இதுக்காடி எம்.எஸ்ஸி. படிச்சே?” என்றாள் அம்மா, மூன்றாவது முறையாக அதைப் பார்த்துக்கொண்டே.