கேற்றடியில் கூப்பிடுவார்கள்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கம். மெல்பேர்னில் நாங்கள் குடியிருக்கும் கிளேட்டனில், விளக்குக் கம்பமொன்றில் ‘கராஜ் சேல்’ என்று அட்டை கட்டியிருந்தார்கள். யாரோ கார் திருத்தும் கராஜை விற்கிறார்கள் என்று நினைத்து, கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுக்கொண்டு விலை விசாரிக்கப் போனேன். அங்கே ஒரு பெண் பழைய சப்பாத்துகளைப் புல்லில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “கராஜ் என்ன விலை?” என்று கேட்டேன். அவள் பயந்துபோய் உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

கராஜ் சேல் என்றால் வீட்டுப் பழஞ்சாமான்களைப் பரப்பி வைத்து விற்பது என்று அதன்பின் தேறிவிட்டேன். சனிக்கிழமைக் காலைகளில் நானும் மனைவியும் கம்பங்களை வாசித்தபடி நடப்போம். நம்மூரில் ஒரு வீட்டுத் தலையணை தெருவுக்கு வந்தால் அந்த வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இங்கே வெயில் எறிக்கிறது என்று அர்த்தம். குசினியில் நாங்கள் இருந்து சாப்பிடும் கதிரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். கொஞ்ச நாளாக நாங்களும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் பாதிச் சட்டைகளைத் தைத்தவள் என் மனைவி. நாட்டை விட்டு வெளிக்கிடும்போது அவளுடைய தையல் மெசினை விற்றோம். இந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் யன்னலடியில் இருந்து, ஆளே நடக்காத றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விட்ட பகிடிகளெல்லாம் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தன.

போன சனிக்கிழமை ஒரு கிழவரின் கராஜுக்குள் கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்று இருந்தது. அவள் குந்தியிருந்து சக்கரத்தைச் சுற்றினாள்.

“இஞ்சாருங்கோ, என்ர மெசின்ர சத்தமே தான்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிளேன் ஏறியபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. புத்தியுள்ளவன் உடனே காசைக் கொடுத்திருப்பான். நானோ பேரம் பேசத் தொடங்கினேன்.

சரியான பழசு என்றேன். ஓம், பழசுதான் என்றார் கிழவர். பூச்சுக் கழன்றிருக்கிறது என்றேன். ஓம் என்றார். பாரம் என்றேன். அதற்கும் ஓம் சொல்லி, ஈரநாட்களில் சக்கரம் கொஞ்சம் இறுகும் என்று தன் பங்குக்கும் ஒரு குறையைச் சேர்த்தார். விலை மட்டும் அசையவில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிப் பேரம் பேசுவது? கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். வேண்டாமென்று கையை விரித்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

“காசைக் குடுத்து வாங்குங்கோவன்,” என்றாள் மனைவி.

“நீர் பேசாமல் வாரும். கேற்றடிக்குப் போக முதல் கூப்பிடுவான்.”

மெதுவாக நடந்தேன். இந்த நடையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த கொழும்புக் கந்தோரில், சிங்களச் சோதனை பாஸ் பண்ணாதவனுக்கு உத்தியோக உயர்வு இல்லை என்றபோது, ராஜினாமாக் கடிதத்தைப் பெரியவரின் மேசையில் வைத்துவிட்டு இப்படித்தான் நடந்தேன். இத்தனை வருஷம் வேலை செய்தவனை விடுவார்களா, படியிறங்க முதல் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டார்கள்தான். “ஐயா!” என்று பியோன் பின்னால் ஓடிவந்தான். நெஞ்சு குளிர்ந்து திரும்பினேன். மறந்துவிட்டு வந்த என் குடையை நீட்டினான். கட்டுநாயக்காவில் பிளேனின் படியிலும் நான் அவசரப்படவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளித்தான் ஏற்றினார்கள்.

வாசல் கேற்று வந்தது. கூப்பிடவில்லை. கேற்றைச் சாத்தினேன், வேண்டுமென்றே சத்தமாக. கூப்பிடவில்லை. இந்த முறை குடையும் கையிலேயே இருந்தது. தெருமுனையில் மனைவி நின்றாள்.

“கூப்பிடேல்லை,” என்றாள். அவ்வளவுதான். முகம் பழையபடி யன்னலடிக்குப் போய்விட்டது.

திரும்பி ஓடினேன். மெசின் யாரோ ஒரு பெண்ணின் கார் டிக்கிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கிழவர் அதைப் போர்வையால் சுற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். கேட்ட விலையையே தருகிறேன் என்று நான் சொல்வதற்குள் கார் போய்விட்டது.

“எனக்கு அது வேணும்,” என்றேன் மூச்சு வாங்க, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். “நீங்கள் ஏன் என்னைத் திருப்பிக் கூப்பிடவில்லை?”

கிழவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

“போனது நீதானே.”