குதிகாலில் விழுந்த உதை

வீடு மாற்றித் தரும் தொழிலில் இருந்த அந்த மனிதரை, பெற்றவர்கள் வைத்த பெயரால் யாரும் அழைத்ததில்லை. 'பீரோ' என்று கேட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். இளம் வயதில் ஓர் இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றி, வழியில் இறக்காமல் மூன்றாம் மாடியில் கொண்டுபோய் வைத்ததால் வந்த பெயர். தோளில் சுமை தாங்கும் பட்டை, முதுகில் சரக்கு, நுனிக்காலில் படியேற்றம். இதற்கு மேல் தொழிலில் கற்க ஏதுமில்லை என்பது அவருடைய தீர்மானம்.

அவருக்குப் பின்னால், கீழ்ப்படியில் நின்று சரக்கின் அடியைத் தாங்கி வருபவன் அவர் மனைவியின் தம்பி. இருவருக்கும் எலியும் பூனையும்தான். படியேறும் தள்ளுவண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று மச்சினன் பல மாதங்களாக நச்சரித்து வந்தான். அன்று காலையும் வேனில் அதே பேச்சு.

“முதுகு செத்த பிறகு வாங்கலாம்டா.”

“அப்ப சரக்கை ஏத்த வேண்டாம் மாமா. உங்களை ஏத்தத்தான் வண்டி வேணும்.”

போன இடத்தில் படிக்கட்டு குறுகலாக இருந்தது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டு பீரோ முதல் திருப்பத்தை எட்டி, அடுத்த படிக்காக வலது நுனிக்காலை ஊன்றி எம்பினார். 'டப்' என்று ஒரு சத்தம். மேலே நின்ற வீட்டுக்கார அம்மாள் பல்பு வெடித்துவிட்டதென்று நினைத்தார். பீரோவுக்கோ குதிகாலுக்கு மேலே யாரோ பலம்கொண்ட மட்டும் உதைத்ததுபோல் இருந்தது. பின்னால் இருந்தவன் ஒருவன்தான்.

பட்டை நழுவியது; சரிந்த ஃப்ரிட்ஜைச் சுவரோடு சேர்த்து மச்சினன் நெஞ்சால் தாங்கிக்கொண்டான். படியில் விழுந்து உட்கார்ந்த பீரோ திரும்பி, எட்டிய கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இரு கைகளிலும் சரக்கு இருந்ததால் அவனால் முகத்தைக்கூட விலக்க முடியவில்லை.

“எதுக்கு மாமா அடிச்சீங்க?”

“உதைச்சது யாருடா, உங்கப்பனா?”

எழுந்து நின்றபோது வலது பாதம் பள்ளத்தில் வைத்ததுபோல் தொய்ந்து போயிற்று.

எலும்பு மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இரு கெண்டைக்கால்களையும் மாறி மாறி அமுக்கினார். இடது பாதம் அசைந்தது. வலது பாதம் அசையவில்லை. குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் தசைநாண் முழுதாக அறுந்திருந்தது.

“பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சா?”

பீரோ, உடன் வந்த மனைவி பக்கம் வெற்றியோடு திரும்பினார். “கேட்டியா? டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. விளையாடுறப்ப அறுந்தா, திரும்பிச் சண்டைக்கே போவாங்க. பாத்தா பின்னாடி ஆளே இருக்காது.”

“என் பின்னாடி ஆள் இருந்தானே.”

மருத்துவர் அந்த வழக்கில் தலையிடாமல் சிகிச்சைக்கு வந்தார். திறந்து தைக்கலாம், மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு கொஞ்சம் குறையும், ஆனால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம், பாதத்தின் ஓரம் மரத்துப்போகலாம். தைக்காமலும் ஆற்றலாம், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டு, பிறகு குதிகாலுக்கு அடியில் ஆப்புகள் வைத்த பூட்ஸ், ஒவ்வோர் ஆப்பாக எடுத்தபடி பயிற்சி. ஒழுங்காகச் செய்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். எதுவானாலும் மாதக்கணக்கு ஆகும்.

“சுமை தூக்க முடியுமா?” பீரோவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“பொறுமையா இருந்தா முடியலாம். உறுதி சொல்ல மாட்டேன்.”

வாசலில் நின்ற மச்சினன் வாய் திறந்தான். “சர்க்கரை இருக்கு, சிகரெட்டும் இருக்கு. வெட்டினா ஆறாது மாமா.”

“தைச்சிடுங்க டாக்டர்,” என்றார் பீரோ உடனே.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் மச்சினன் சொன்னதையே சொன்னார். மனைவி முடித்துவைத்தார்: “உங்க வீம்புக்குக் காலை அறுத்துக்க வேண்டாம். கட்டு போடுங்க டாக்டர்.” அக்காளும் தம்பியும் சேர்ந்து தன்னை மூலையில் உட்காரவைக்கத் திட்டம் போட்டுவிட்டார்கள் என்று பீரோ கட்டு காயும் முன்பே முடிவுகட்டினார்.

கட்டு அவிழ்ந்து பூட்ஸ் வந்த வாரம், மச்சினன் தள்ளுவண்டியை வாங்கிவிட்டான் என்ற செய்தியும் வந்தது. அன்றிலிருந்து பீரோ சிகிச்சையைப் பழி தீர்ப்பதுபோல் செய்தார். சொன்ன நாளுக்கு முன் ஓர் ஆப்பையும் எடுக்கவில்லை, தூங்கும்போதும் பூட்ஸைக் கழற்றவில்லை, சிகரெட்டை விட்டார். பிசியோதெரபி அறையில், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தும் பயிற்சியில், அந்தக் கால் வெகுநாள் தரையைவிட்டு எழவேயில்லை.

“இவ்வளவு கோவத்தோட பண்ணாதீங்க,” என்றாள் பயிற்சி தரும் பெண்.

“கோவத்தை எடுத்துட்டா இந்தக் கால்ல வேற என்னம்மா இருக்கு?”

ஒருநாள் எழுந்தது. மருத்துவர் தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு மட்டும் அனுமதி தந்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று தள்ளுவண்டி திரும்ப இடமில்லாத ஒரு படிக்கட்டு வாய்த்தது. மச்சினன் பட்டையைத் தன் தோளில் மாட்டி ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டான். பீரோ வாழ்நாளில் முதல்முறையாகக் கீழ்ப்படியில் நின்று அடியைப் பிடித்தார். கைகள் இரண்டும் சரக்கில், நெற்றி தகரத்தில். கண்ணுக்கு நேரே, ஃப்ரிட்ஜுக்குக் கீழே, மச்சினனின் குதிகால்கள் தெரிந்தன. திருப்பத்தில் அவன் மூச்சு வாங்க நின்றபோது, பீரோ வலது காலில் நின்றுகொண்டு இடது காலை அந்தக் குதிகால்களை நோக்கி மெல்ல நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியதும் எடை முழுவதும் அவர் நெஞ்சின் மேல் சரிந்தது. ஆறிய கால் வெடவெடத்தது. அவசரமாகக் காலை ஊன்றினார்.

“மாமா, தாங்குறீங்களா தூங்குறீங்களா?”

“ஏறுடா,” என்றார் பீரோ.

அன்று மாலை, வேலை எப்படி இருந்தது என்று மனைவி கேட்டதற்கு, “உன் தம்பிக்கு முதுகு வளையுது. சுமக்கத் தெரியலை,” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்த உதைக் கதையை அதன் பிறகு அவர் எவரிடமும் சொன்னதில்லை. கன்னத்தில் விட்ட அறையைப் பற்றி மச்சினனிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.