தோல் அட்டை போட்ட புதுப் புத்தகங்கள்

ஆம்பூரில் நான் பார்த்துக்கொண்டிருந்த வாசகசாலைக்குப் புதுப் புத்தகங்கள் வந்த அன்று பட்ட குழப்பத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பட்டதில்லை. பட்டணத்திலிருந்து ரயிலில் வந்த மரப்பெட்டிகள் நேரே எங்களிடம் வரவில்லை. வாசகசாலைக்கு இடம் கொடுத்த முதலாளியின் தோல் ஷாப்புக்குப் போய், அங்கே வெகுநாள் கிடந்து, பிறகுதான் மாட்டுவண்டி ஏறி வந்தன. ஆணியைப் பிடுங்கித் திறந்து பார்த்தால் எல்லாப் புத்தகங்களுக்கும் தோல் அட்டை.

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. தோல் பதனிட்டே பெரிய மனிதர் ஆனவர். தான் வாங்கித் தருகிற புத்தகங்களை வெறும் காகித அட்டையோடு கொடுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசித்திருக்கிறார். தன் ஷாப்பில் பதனிட்ட தோலையே எடுத்து, குதிரைச் சேணம் தைக்கிற ஆளை உட்காரவைத்து, அத்தனைக்கும் அட்டை போடவைத்துவிட்டார். சேணம் தைக்கிறவருக்குப் புத்தகத்தின் பெயர் எதற்கு? முதுகில் ஓர் எழுத்து கிடையாது. புராணம், ஜோசியம், கோழி வளர்ப்பு, மாட்டு வைத்தியம், துப்பறியும் கதை, உருதுக் கவிதை, இங்கிலீஷ் இலக்கணம் எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே வாசனை. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

பெயர் இல்லாததுகூடப் பெரிய தொல்லை இல்லை. பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜோலார்பேட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். சுத்த சைவம். அவர் வந்தால் அவர் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். அவர் வராவிட்டால் பெஞ்சில் நானும் ஈயும்தான். நான் பிரித்துப் பார்த்து நீட்டிய ஒரு புராணத்தை வாங்கக் கையை நீட்டினார். விரல் அட்டையில் படுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

"ஏம்பா, இது இன்னா தோலு?"

எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பழைய செய்தித்தாளை எடுத்து உட்கார்ந்தார். மறுநாள் உருது படிக்கிற பெரியவர் ஒருவர் அதே கேள்வியை வேறு ஒரு மிருகத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டார். அவரும் செய்தித்தாளுக்குப் போனார். புதுப் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருந்தன.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்குள் புத்தகங்கள் ஜனங்கள் வீட்டுக்குப் போய் வரவில்லையென்றால் அந்த அறையில் தோல் பதனிடுகிற ஆவாரம் பட்டை மூட்டையை அடுக்கிவிடுவேன் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. அறை போனால் என் வேலை போகும். வேலை போனால் என் அப்பாவைப் போல நானும் தோல் மண்டியில் கணக்கெழுதப் போகவேண்டும். அதைவிட ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் கொடி காட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

முதலாளியிடமே போய்க் கேட்டேன். "அட்டைக்குப் போட்டது ஆட்டுத் தோலுங்களா, மாட்டுத் தோலுங்களா?"

"ரெண்டும் இருக்கும். எல்லாம் நல்ல சரக்கா பாத்துதான் போடச் சொன்னேன்." அவர் முகம் சுருங்கியது. "ஏன், யாராச்சும் மட்டம்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க. ஜோரா இருக்குதுன்னு சொல்றாங்க."

"அப்புறம் இன்னா பேஜார் உனக்கு?"

ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். இந்த மனிதர் ஆசையாகச் செய்தது. அந்த மனிதர் தொட மாட்டேன் என்கிறார். இருவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் கோபப்படுவது நியாயம் என்று மட்டும் விளங்கவில்லை.

கடைசியில் மளிகைக் கடையில் பழுப்புக் காகிதம் வாங்கிவந்தேன். கஞ்சிப் பசை காய்ச்சி எல்லாப் புத்தகங்களுக்கும் உறை போட்டேன். பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் தனியாக எழுதி வைத்திருந்தேன். பாலாற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் சீட்டுகள் கலைந்துபோயின. பொறுக்கி, எனக்குச் சரியென்று பட்டபடி ஒட்டினேன். பசை காய்ந்த பிறகுதான் கோழி வளர்ப்புக்குள் இங்கிலீஷ் இலக்கணம் இருப்பதைப் பார்த்தேன். மறுபடி பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். காகித உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புராணம் என்று ஒட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் இருந்தது துப்பறியும் கதை. இப்போது எழுந்து வந்து சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வந்து அதையே எடுத்தார், அதற்கு மறுநாளும். மற்றவர்கள் கேட்டால் பக்தியோடு தலையை ஆட்டுவார். வீட்டுக்கு மட்டும் எடுத்துப்போகவில்லை. உறைக்குள் இருக்கும் தோலை மறந்தாரா, மறந்ததுபோல் நடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், தோல் ஷாப்பு விட்ட நேரத்தில், ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். என் அம்மா வயதிருக்கும். ஷாப்பில் தோலைச் சுரண்டிக் கழுவுகிற வேலை செய்பவள் என்பது பட்டைச் சாயம் ஏறிய கையிலேயே தெரிந்தது. தோல் கழுவுகிறவர்களின் தெருவிலிருந்து யாரும் வரக்கூடாது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால் வந்ததும் இல்லை.

"இன்னாம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. எங்க தோலை புஸ்தகத்துக்குப் போட்டிருக்கிறதா மொதலாளி சொன்னாரு. ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அலமாரியை எட்டிப் பார்த்தாள். "எங்கங்க? எல்லாம் காயிதமா இருக்குது?"

"உள்ளே இருக்குது. மேலே உறை போட்டிருக்கேன்."

"ஏனுங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "அழுக்காவக் கூடாதுன்னுதாம்மா."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சரிங்கய்யா" என்று திரும்பினாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நான் சொன்னதன் அர்த்தம் அதுவல்ல. ஆனால் வேறு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் அதைவிடக் கேவலமாகத்தான் சொல்லியிருப்பேன். "இரும்மா" என்று கத்தினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அப்போதுதான் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்கு எட்டியது அதுதான். எடுத்து உறையைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் உள்ளங்கையால் அட்டையைத் தடவினாள். திருப்பித் தடவினாள். முகம் முழுக்கச் சிரித்தாள். "ஷாப்புல நாத்தம் புடிச்சிக் கெடந்தது. இங்க வந்து எப்படி ஆயிடுச்சி பாருங்க. உள்ள இன்னாங்க எழுதியிருக்குது?"

நான் பதில் சொல்லுமுன் ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். போச்சு, இதோடு வாசகசாலைக்கு மூடுவிழாதான் என்று நினைத்தேன்.

"கொலை கேசும்மா" என்றார் அவர். "ஜமீந்தாரைக் கொன்னது யாருன்னு இன்னும் தெரியல. இவன் பாட்டுக்குப் பக்கத்தை மூடிட்டான். இப்படி குடு."

அவள் நீட்டினாள். அவள் கையிலிருந்து அவர் நேராக வாங்கிக்கொண்டார். வெறும் தோலின் மேல் இரண்டு கையும் பதிய, நின்றபடியே பக்கத்தைத் தேடினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அது உறைத்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், எழுதிக்கோ" என்றார் என்னிடம்.

"அப்ப கொன்னது யாருன்னு எனக்கு யாருங்க சொல்றது?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நாளைக்கு வா. சொல்றேன்."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். மறுநாள் ஷாப்பு லீவு. சாயங்காலம் நான் கதவைத் திறக்க வந்தபோது அந்த அம்மா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து, ஸ்டேஷன் மாஸ்டர் உட்காரும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.