மூன்று வாள் சீட்டு

வருடப் பிறப்பன்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்போம். ஆம்பூரில் எங்கள் தெருவில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. தகர டப்பாவில் விரல் நீளத்துக்கு வெட்டிய அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேதாகமத்திலிருந்து ஒரு வரி. கோயிலிலிருந்து திரும்பியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அது அந்த வருடத்துக்கு ஆண்டவர் கொடுக்கும் வாக்கு. ஊரில் இல்லாதவர்களுக்கு அம்மா எடுப்பாள். நான் மதராஸில் கம்பவுண்டர் படிப்புப் படித்த காலத்தில் எனக்கும் அவள்தான் எடுத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அண்ணனைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, நான் லீவில் வரும்போது ஒப்பிப்பாள்.

அந்த டப்பாவில் கெட்ட சீட்டே கிடையாது. வேதாகமத்தில் சாபம் உண்டு, தண்டனை உண்டு, அழிவு உண்டு. அச்சடித்தவர்கள் அவற்றில் ஒரு வரியையும் சேர்க்கவில்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான். என் அம்மா வாழ்நாள் முழுவதும் அப்படிப்பட்ட சீட்டுகளைத்தான் பார்த்திருந்தாள்.

என்னிடம் இருந்த கட்டு வேறு மாதிரி.

படிப்பு முடித்து வேலூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி உடம்புக்கு முடியாமல் கப்பலேறியபோது, தன் சாமான்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். குடை, ஸ்வெட்டர், கெட்டில் எல்லாம் போன பிறகு ஒரு அட்டைப் பெட்டி மட்டும் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. அதில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களும், டாரட் என்ற படச் சீட்டுக்கட்டும் இருந்தன. சூதாட்டச் சாமான் என்று மற்ற நர்ஸுகள் அதைத் தொடவில்லை. நான் ஒரு புத்தகத்தைப் பிரித்து நின்றவாறே நாலு பக்கம் படித்தேன். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

காரணம் எளிமையானது. அந்தப் புத்தகம் என் மருந்துப் புத்தகம் போலவே இருந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் நான் நான்கு விஷயங்களை மனப்பாடம் செய்திருந்தேன்: எதிலிருந்து கிடைக்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், எதற்குக் கேட்கும், மிஞ்சினால் என்ன செய்யும். சீட்டுகளையும் அப்படியே வரிசைப்படுத்தியிருந்தார்கள். படத்தில் இருப்பது, நேராக வந்தால் பொருள், தலைகீழாக வந்தால் பொருள். தலைகீழ் என்பது பெரும்பாலும் அதே குணம் மிஞ்சிப்போன நிலைதான். எனக்கு உடனே பிடிபட்டது.

முன்னுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்தச் சீட்டுகள் நாளை நடப்பதைச் சொல்லாது, பார்ப்பவரை அவருக்கே காட்டும் என்ற கருத்து. எனக்கு அது தேவைப்பட்டது. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். நெஞ்சு வலித்து ஒரு மத்தியானம் தொட்டி ஓரத்திலேயே விழுந்து இறந்தார். நான் அழவில்லை. துணி கொண்டுவரச் சொன்னேன், பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பினேன், வந்தவர்களுக்குக் காபி போட்டேன். தெருவில் அதைப் பேசினார்கள். ஆஸ்பத்திரியிலும் எனக்குக் கல்லு கம்பவுண்டரம்மா என்று பெயர். அந்தப் பெயர் என்னை உறுத்தவில்லை. உறுத்தவில்லை என்பதுதான் உறுத்தியது.

காலையில் டிஸ்பென்சரி திறப்பதற்கு முன் ஒரு சீட்டு எடுப்பேன். என்னையே மூன்று கேள்வி கேட்பேன். படத்தில் முதலில் என் கண் எங்கே போகிறது? எங்கே போக மறுக்கிறது? இன்று அதனால் யாரிடம் எப்படி நடப்பேன்? பல நாட்கள் ஒன்றும் தோன்றாது. ஒரு நாள் கிண்ணத்தை நீட்டும் மனிதனின் சீட்டு வந்தது. என் கண் கிண்ணத்துக்குப் போனது, முகத்துக்குப் போகவில்லை. ஜன்னலில் மருந்து வாங்க வருகிறவர்களின் கையையும் புட்டியையும் தவிர நான் எதையும் பார்ப்பதில்லை என்று அன்றுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு முகத்தைப் பார்த்துப் புட்டியைக் கொடுக்கப் பழகினேன். சிரமமாக இருந்தது.

என்னோடு அறையில் இருந்த நர்ஸ், "இன்னாடி, இன்னிக்கு ராஜாவா ராணியா? மிக்ஸ்சர பாத்துக் கலக்கு, சீட்டாட்ட ஞாபகத்துல ஜாஸ்தி ஊத்திடாத" என்பாள்.

ஜோலார்பேட்டையிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ரயில்வே டிரைவர் ஒருவரின் மனைவி, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, என் மேஜையில் கட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை தன் மாமியாரின் பழைய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் எண் வரிசையில் வரும் சின்னச் சீட்டுகளில் மனிதர்கள், மலை, வீடு ஒன்றும் இல்லை. ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணம் மட்டும் வரைந்திருக்கும். நான் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்தேன். இரண்டு புத்தகங்களையும் அப்படியே. ஒன்று செல்வம் என்றால் மற்றது பேராசை என்னும். பாதிக்கு மேல் அவை ஒத்துப்போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா வேலூருக்கு வந்தாள். அவள் அப்போதும் தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். முறுக்கு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ரவிக்கையை விலக்கி இடது மார்பைக் காட்டினாள். "இங்க ஒண்ணு கொட்டப்பாக்கு மாதிரி. வலி இல்ல. அதனால உன்கிட்ட சொல்லல."

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விரலால் நகர்த்திப் பார்த்தார். இன்னும் நகர்கிறது, விலா எலும்போடு ஒட்டவில்லை. இப்போதே மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு, ஒட்டிவிட்டால் கத்தி வைத்துப் பயனில்லை என்றார். அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் முடியாது என்றாள். எங்கள் தெருவில் ஒருத்தி இதே போல் அறுத்துக்கொண்டு அந்த வாரமே போய்விட்டாள். ஆம்பூரில் அண்ணனும், "கத்தி பட்டா பரவும், அதான் எல்லாரும் சொல்றாங்க. சும்மா இருக்கறதப் போயி பேஜார் பண்ணாத" என்றான். நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னதை மறுபடியும் தமிழாக்கி வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா, "நீ நல்லாப் படிச்சிருக்க" என்றாள்.

வருடப் பிறப்புக்கு நான் ஊருக்குப் போனேன். கோயில் முடிந்து வந்து டப்பாவைத் திறந்தோம். அம்மாவுக்கு மழையும் விளைச்சலும் பற்றிய வசனம் வந்தது. அண்ணன் படித்துக் காட்டியதும் அவள் முகம் சுண்டியது.

"இது நெலம் வெச்சிருக்கறவனுக்கு வந்தது. எனக்கில்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் டிரங்குல ஒரு கட்டு வெச்சிருக்கியே, படம் போட்டது. அத எடு" என்றாள்.

"அது வேறம்மா. வசனம் மாதிரி இல்ல. அதுல நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும்."

"கெட்டதப் போயி யாரு அட்டையில அச்சடிச்சு விப்பாங்க? எட்றி."

அண்ணன் குறுக்கிட்டான். "சீட்டுக்கட்டா? வருசம் பொறந்த அன்னிக்கா? பாதிரியாருக்குத் தெரிஞ்சா ராப்போஜனப் பந்தியில சேக்க மாட்டாரு."

"நீ ஞாயித்துக்கெழம சாயந்தரம் தோஸ்துங்களோட ஆடறது அவருக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

கட்டைக் கொண்டுவந்தேன். அம்மா கண்ணை மூடி, உதடு அசைய ஜெபம் செய்து, நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாயில் போட்டாள்.

சிவப்பாக ஒரு இதயம். அதில் மூன்று வாள்கள் இறங்கியிருக்கின்றன. பின்னால் சாம்பல் மேகம், மழை.

எனக்குத் தெரிந்த பொருள்கள் வரிசையாக வந்து நின்றன: துக்கம், பிரிவு, இழப்பு. இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போகும் சில சீட்டுகளில் அது ஒன்று.

அம்மா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நெஞ்சு" என்றாள். "கத்தி. மூணு கத்தி. டாக்டரம்மா சொன்னத அப்படியே போட்டிருக்கு பாரு." சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரத்தம் இல்ல. ஓரம் கிழியல. கை தேர்ந்தவன் எறக்கியிருக்கான்."

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் தோலின் உட்புறத்தில் ஒட்டிய சதையை இரட்டைப் பிடிக் கத்தியால் இழைக்கிறவன். கத்தி சற்றே சாய்ந்தால் தோலில் கீறல் விழும்; கீறல் விழுந்த தோல் கழிவில் போகும். எங்கள் வீட்டில் கத்தியைப் பற்றி வேறு எந்த விதமாகவும் பேசிக் கேட்டதில்லை. அவனும், "ஆமா, கீறலே இல்ல" என்றான், தன்னை மறந்து.

"மழ வேற பெய்யுது" என்றாள் அண்ணி.

"பெய்யட்டும். வசனத்துலயும் மழதானே வந்துச்சு." அம்மா என்னைப் பார்த்தாள். "உங்க டாக்டரம்மா கை எப்படி?"

"நல்ல கைம்மா."

"அப்ப வர்றேன்னு சொல்லிடு."

நான் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதைத் தவறு என்று நான் எழுதவில்லை. இன்றும் அப்படித்தான் செய்வேன்.

பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. குளோரோஃபார்ம் புட்டியை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். காயம் சுத்தமாக ஆறியது. இடது கை தோளுக்கு மேல் எழவில்லை, பட்டை இடிக்க முடியவில்லை. "ஒரு பக்கம் பாரம் கம்மி, அவ்ளோதான்" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சீட்டுக் கதையையும் சொன்னாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெண்கள் வாசலில் நின்றார்கள். புருஷனுக்கு வேலை கிடைக்குமா, வயிற்றில் இருப்பது தங்குமா. நான் எடுக்க மறுத்தேன். "ஏன், உங்கம்மாவுக்கு மட்டுந்தான் சொல்லுமா அது?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு இருமல் வந்தது. கபம் என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். நான் வேலூருக்கு அழைத்து வந்தேன். டாக்டரம்மா முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. அறுப்பதற்கு முன்பே அது அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்.

வார்டில் ஜன்னல் ஓரத்தில் அவளுக்குப் படுக்கை. மத்தியானம் டிஸ்பென்சரி மூடியதும் போய் உட்காருவேன். ஒரு மத்தியானம் அவள் கேட்டாள்.

"அந்தப் படத்துக்கு உன் புக்குல இன்னா போட்டிருக்கு?"

மறந்துவிட்டது என்று சொல்லலாம். மருந்தளவுகளை எல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிறவள் நான், அவள் நம்ப மாட்டாள். நல்லதாக ஏதாவது சொல்லலாம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஒன்றுதான் மீதி.

"துக்கம்னு போட்டிருக்கும்மா. பிரிவுன்னு."

"ரெண்டு புக்குலயுமா?"

"ரெண்டுலயும்."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

சிரிக்கப் போனாள், இருமல் வந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்தேன். மூச்சு திரும்பியதும், தெருவில் யார் வீட்டுக் கணக்கையோ தீர்ப்பது போல நிதானமாகச் சொன்னாள். "அப்ப அது எனக்கு வந்த சீட்டு இல்ல. போறவளுக்கு எதுக்குத் துக்கம்? ஊர்ல இல்லாதவங்களுக்கு நாந்தானே எடுப்பேன். அது உனக்கு எடுத்தது."

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"உக்காந்திருந்த" என்றாள். "நீ எப்ப இருந்த அங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் அவள் இறந்தாள். ஆம்பூருக்குக் கொண்டுபோனோம். துணி, பெட்டி, பாதிரியார், காபி. எல்லாம் முறைப்படி நடந்தது, நான்தான் நடத்தினேன். கல்லறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. வருடப் பிறப்புக்கு நான் போகவில்லை. எனக்கு யார் சீட்டு எடுத்தார்கள் என்று கேட்கவும் இல்லை.

சீட்டுக்கட்டை மட்டும் விடவில்லை. காலையில் ஒரு சீட்டு, மூன்று கேள்வி. மூன்று வாள் சீட்டு மாசி வரைக்கும் வரவில்லை. வந்த அன்று, வழக்கம் போல முதல் கேள்வியைக் கேட்டேன். என் கண் இதயத்துக்குப் போகவில்லை, கத்திக்கும் போகவில்லை. மழைக்குப் போனது. சாம்பல் நிறத்தில் மெல்லிய சாய்கோடுகள். மழ வேற பெய்யுது என்று அண்ணி சொன்னதும், பெய்யட்டும் என்று அம்மா சொன்னதும் கேட்டன. இரண்டாவது கேள்விக்கு நான் போகவில்லை.

அன்று டிஸ்பென்சரி ஜன்னலைத் தாமதமாகத் திறந்தேன். வெளியே கூட்டம் நின்றது. அறைத் தோழி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னாடி ஆச்சு?" என்றாள்.

அம்மோனியா புட்டி மூடி கழன்றுவிட்டது என்று சொல்லி, முதலில் நின்றவளின் சீட்டை வாங்கினேன்.