லென்சுக்கு முன்னால் ஒரு கை

நான் சினிமாக் கொட்டகையில் மிஷின் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எண்பதுகளில் போடியில் சிலர் சேர்ந்து வருடாவருடம் குறும்பட விழா நடத்தினார்கள். முதலில் பள்ளிக்கூட வராந்தாவில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினோம். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு ஃபிலிம் சுருள்கூட வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஏலக்காய் எஸ்டேட் முதலாளிகள் கைகொடுக்க, விழா எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டது.

அந்த வருடம் பக்கத்து ஊரான சிலமலையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், காய் பறிக்கும் பெண்களைப் படமாக்கியிருந்தான். அந்தப் பெண்களும் மலையிலிருந்து ஜீப்பில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து போகும்போது, காய் திருடியிருக்கிறார்களா என்று கங்காணி அவர்கள் மடியைத் தடவிப் பார்க்கும் காட்சி வந்தது. முன்வரிசையில் முதலாளிகள் நெளிந்தார்கள்.

விழாச் செயலாளர் என் அறைக்குள் ஓடிவந்தார். "இதயெல்லாமாய்யா படமெடுப்பாக!" என்று லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார். மோதிரம் போட்ட அந்தக் கைமேல் கங்காணியின் கை ஊர்ந்தது.

பிறகு அவரே மேடையேறி, "வளரும் கலைஞன்" என்று இளைஞனுக்குச் சால்வை போட்டார். "அடுத்து மலையோட அழக எடுங்க தம்பி" என்றார்.

முதலாளிகள் போனதும் இளைஞன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, இந்தப் பொம்பளைக பாக்கணும்னுதான் எடுத்தேன். ஜீப்பு கெளம்புமுன்ன வெரசா ஒருக்கா ஓட்டுறீகளா?"

ஓட்டினேன். பெண்கள் முழுதும் பார்த்தார்கள். விளக்கைப் போட்டதும் ஒருத்தி சொன்னாள்: "தடவுறப்ப வராத வெக்கம், பாக்குறப்ப வந்துருச்சாக்கும் அவுகளுக்கு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

விழா அதன்பிறகும் பெரிதாகிக்கொண்டேதான் போனது. விழா நாட்களில் நான் லீவு போட்டுவிடுவேன்.