மகதலேனா ஆன்டி தொட்டி நீரைச் சோதிக்கிறார்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானுக்கு நான் குடிவந்த அன்று, பக்கத்து வீட்டு மகதலேனா ஆன்டி என் பெயரைக் கேட்கவில்லை. "தம்பி, ஒங்க பைப்புல தண்ணி கலங்கலா வருதா?" என்று கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து கடல் தாண்டி வந்த எனக்கு அன்றே பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் வடிகட்டி வாங்கிவிட்டேன். அவர் வாங்கவில்லை. கேட்டு வைத்துக்கொள்வது அவருடைய பழக்கம், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கன்டெய்னர் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. ஓர் எண் பிசகினாலும் அவர் கண்ணில் மாட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழு. மற்ற நேரமெல்லாம் வீட்டின் பின்புறம், சிமெண்ட் தொட்டியில் வளரும் கோய் மீன்களோடு. மீன்களுக்குப் பாடகர் குழுவினரின் பெயர்களையே வைத்திருக்கிறார். வாயை அகலமாகத் திறக்கும் ஆரஞ்சு மீனின் பெயர் செரீனா. உண்மையான செரீனா குழுவில் முன்வரிசையில் பாடுகிறவர். அவருக்கு இந்த விஷயம் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை.

சென்ற மாதம் எங்கள் பகுதியில் சில நாட்கள் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தபோது குழாய் நீரில் மருந்து வாடை தூக்கலாக இருந்தது. மீன்களுக்கு என்ன ஆகுமோ என்று ஆன்டி ஒரு சோதனைப் பெட்டி வாங்கி வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் காத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சையானால் அமோனியா, மீனுக்கு ஆபத்து.

பச்சையானது. பாதி நீரை மாற்றினார். மறுநாளும் பச்சை. சந்தேகப்பட்டு, நீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாளும் வாங்கினார். அது ஒரு குறையும் இல்லை என்றது.

"தாளு நல்லாருக்குங்குது, சொட்டு மீனு செத்துரும்ங்குது. நான் யார நம்புறது?"

"தாள் டப்பா மூடி திறந்தே கிடந்துச்சே ஆன்டி. ஈரம் பட்டா கெட்டுப்போகும்னு போட்டிருக்கு. மோசமானதையே நம்புவோம், அதுதான் பாதுகாப்பு" என்றேன். பயந்தவன் வேறென்ன சொல்வான்.

தூரத்தில் செமினி என்ற ஊரில் வாசு அண்ணனின் நண்பருக்குப் பெரிய மீன் குளம் இருக்கிறது. செலாயாங் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வாசு அண்ணன், ஆன்டியின் பழைய பள்ளித் தோழர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் 'லா' சேர்ப்பவர். மீன்களைத் தன் லோரியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஆன்டி அதற்குச் சம்மதித்தார், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. "அங்க போனா திரும்பி வராதுங்க தம்பி. அத்தன மீனுல என் செரீனாவ எவன் அடையாளம் கண்டுபிடிப்பான்?"

சனிக்கிழமை வாசு அண்ணன் டிரம்களோடு வந்து இறங்கினார். அவர் நம்ப வேண்டுமே என்று ஆன்டி கடைசியாக ஒருமுறை சோதித்து, குழாயைக் கையில் பிடித்தபடி வாசல் கேட்டுக்கு நடந்தார்.

"பாரு வாசு, எப்படி பச்சையா இருக்கு."

"இது மஞ்சள் லா."

ஆன்டி குனிந்து பார்த்தார். மஞ்சள்தான். வேகமாகப் பின்புறம் போய்த் தூக்கிப் பார்த்தார். பச்சை. மறுபடி கேட்டுக்கு வந்தார். மஞ்சள்.

"நீ நடக்க நடக்க மீனுக்கு சொஸ்தமாவுது போல" என்றார் வாசு அண்ணன். "இப்படியே செமினி வரைக்கும் நடந்துரு, டிரம்மே வேணாம்."

நான் பின்புறம் போய் அண்ணாந்து பார்த்தேன். தொட்டிக்கு மேலே வெயில் படாமலிருக்கப் போட்ட, வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் கூரைத் தகடு முழுவதும் பச்சை. ஆன்டி குழாயைத் தூக்கி, அந்தக் கூரை வழியாக வந்த வெளிச்சத்தில்தான் தினமும் நிறம் பார்த்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் வாங்கிய குடிநீர் போத்தலைத் திறந்து அதிலும் சொட்டு விட்டார். காத்திருந்தார். கூரைக்குக் கீழே அதுவும் பச்சை. கேட்டருகே வெள்ளைத் தாளில் வைத்தபோது அதுவும் மஞ்சள், தொட்டி நீரும் அதே மஞ்சள்.

"குடிக்கிற தண்ணியே வெசம்னா நம்ம மூணு பேரும் எப்பவோ போய்ச் சேந்திருக்கணும்" என்றார். பிறகு வாசு அண்ணனைப் பார்த்தார். "மன்னிச்சுக்க வாசு. அதுங்க எங்கயும் போகல."

"சரி லா. லோரிக்கும் கொஞ்சம் காத்து பட்டுச்சு."

அமோனியா கூடினால் தீனி போடக்கூடாது என்று பெட்டியிலிருந்த தாளில் எழுதியிருந்ததால் மீன்கள் அதுவரை பட்டினி. ஆன்டி தொட்டியோரம் மண்டியிட்டு ஒரு கைப்பிடி தீனியை வீசினார். நீர் கொதித்ததுபோல் எல்லாம் மேலே வந்து முட்டி மோதின.

"மகதலேனா, அப்படியே எனக்கும் ஒரு பிடி" என்றார் வாசு அண்ணன், காலி டிரம்களைத் திரும்ப ஏற்றியபடி.

ஆன்டியின் காதில் அது விழவில்லை. "மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இருக்கு" என்று மீன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.