மணவறையில் கையசைக்கக் கூடாதாம்

கடந்த செவ்வாய்க்கிழமை பதுளைக் கோயில் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகள் மேகலா, அவளைக் கட்டப்போகும் லுணுகலைத் தையல்காரர் சுதாகர், கோயில் செயலாளர், வாசலில் தவிலுக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்த வித்துவான். மேகலாவுக்கும் சுதாகருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. தை மாதக் கல்யாணத்துக்கு மண்டபம் பதியப் போனோம். கோயிலின் பெயரை எழுதமாட்டேன். இன்னும் அங்கேதான் கும்பிடுகிறேன்.

பூனாகலையிலிருந்து காலை 6.10க்கு பஸ். பண்டாரவளையில் மாறி, இன்னும் முப்பது கிலோமீற்றர், 8.50க்குப் பதுளை. எனக்கும் மேகலாவுக்கும் போக மட்டும் 520 ரூபாய். பஸ் ஸ்டாண்டில் ஒரே ஹோர்ன் சத்தம். லுணுகலையிலிருந்து வந்து மறுகோடியில் நின்ற சுதாகரும் ஜன்னலோரம் இருந்த மேகலாவும் நான் இறங்குவதற்குள் எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதுவரை கையிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

"அடேங்கப்பா! நாங்க தொண்ட கிழியக் கத்துறோம், இவங்க ஊர்க்கதையே பேசிட்டாங்களே!" என்றார் கண்டக்டர். அன்று நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

9.30க்கு அலுவலகம். ஐயர் சொல்வதைச் சைகையில் சொல்ல ஓர் அக்கா வருவார், அவர் மணவறையில் ஐயர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"அங்க நின்னு கையாட்டுனா வீடியோல நல்லாவாம்மா இருக்கும்? மாமன் யாராச்சும் இவங்களுக்காகச் சத்தமாச் சொல்லட்டும். இதுகளுக்கு என்னா வெளங்கப் போவுது?" என்றார் செயலாளர்.

இதுகள்! சுதாகர் தைக்கும் ஜாக்கெட்டுக்குப் பசறையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். தான் கட்டும் தாலிக்கு என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியக் கூடாதா?

செயலாளர் நிறுத்தவில்லை. "பொறக்குற புள்ளைக்காவது காது கேக்கட்டும்" என்று "குறை நீங்க அர்ச்சனை" என எழுதி ஒரு ரசீது கிழித்தார். கோயிலில் எதை நீட்டினாலும் மறுக்காமல் வாங்கிப் பழகியவள் நான். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டேன். மேகலா அதைப் பிடுங்கி வாசித்தாள். வேகவேகமாகக் கையில் கேட்டாள்:

"என்ன கொறைம்மா? எங்களப் போல புள்ள பொறந்தா, அதோட பேச மொத நாளே நாங்க ரெண்டு பேர் இருக்கோம். நான் பொறந்தப்ப என்னோட பேச யார் இருந்தா?"

நான் கைமொழி பழகியது அவளுடைய ஒன்பதாவது வயதில். அவளிடமிருந்து ரசீதை வாங்கி மேசையிலேயே திருப்பி வைத்தேன்.

"கெட்டிமேளங்கூட கேக்காதே, பாவம்" என்றார் செயலாளர். அதையும் கையில் சொன்னேன். எதையும் ஒளிக்கக் கூடாது என்பது அவள் கட்டளை. மேகலா எழுந்து போய்த் தவிலில் கை வைத்தாள். வித்துவான் ஓர் அடி அடித்தார். அவள் சிரித்தாள்.

"எனக்கு நெஞ்சு வரைக்கும் வருது. இவருக்குத்தான் காதோட நின்னுருது போல."

ஒரு சொல் விடாமல் செயலாளரிடம் சொன்னேன். வித்துவான் விழுந்து விழுந்து சிரித்தார். செயலாளர், "கோயில் சபையில கேட்டுச் சொல்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முப்பது வருடமாக வாய் திறக்காமல்தான் முருகனிடம் பேசுகிறேன். அவருக்கு விளங்குகிறது. சபைக்கு மட்டும் சத்தம் வேண்டுமாம்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: அலுவலகம் 11.30க்குப் பூட்டப்படும். கேட்பதை எழுதிக் கொண்டுபோங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கட்டாயம் கூட வரட்டும். பிள்ளையைக் கேட்காமல் நீங்கள் முந்தித் தலையாட்டாதீர்கள்; நான் ஆட்டினேன்.

இதை அச்செடுத்துச் செயலாளருக்கும் தபாலில் போட்டிருக்கிறேன். ஐயா, சைகை சொல்பவர் மணவறையில் நிற்கலாமா, கூடாதா? கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.